நாவலப்பிட்டித் தொகுதி கைநழுவியது எதனால்?

கண்டி மாவட்டத்தின் தேர்தற் சரித்திரத்தைப் பேச வருவோர், 1947ஆம் ஆண்டில் நாவலப்பிட்டித் தொகுதியில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் வேட்பாளர் கே. இராஜலிங்கம் பெற்ற வெற்றியைத் தற்செயலாய் நேர்ந்ததென்றும், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் என்னும் நிலையற்ற ஒரு கூட்டத்தின் வாக்கினால் கண்டிச் சிங்களக் குடியானவரின் ஆசனம் பறிபோயிற்றென்றும், பின்னர் அது தமிழர் கையைவிட்டுப் போனதற்கு அவர்களது ஒற்றுமைக் குறைவும் அசிரத்தையுமே காரணமென்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இவற்றுள் ஒன்றேனும் பரிசீலனைக்கு நின்றுபிடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நிலையற்றவர் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, கல்வியோ சொத்தோ உடைய சிலரை நீக்கினால், இத்தீவையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டவர் என்றோ, ஐந்தாண்டுகள் வசித்து இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணமுடையவர் என்றோ நிரூபித்த தோட்டத் தொழிலாளிக்கு மாத்திரமே வாக்காளர் இடாப்பில் இடம் கிடைத்தது. வேறெந்தச் சமூகத்தாரிடமும் கேட்கப்படாத அத்தாட்சியைக் கொடுத்து இடாப்பில் ஏறியவர்களை நிலையற்றவர் என்பது எவ்வகை நியாயம்?

பறிபோயிற்று என்னும் முறைப்பாட்டின் பின்னால் நிற்கும் கண்டிக் குடியானவரின் நிலக்குறை மெய்யானது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தைக் கொண்டு காடுகளையும் மேட்டுநிலங்களையும் தனதாக்கி, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் விற்றது பிரித்தானிய அரசாங்கம். வாங்கியவர்கள் தோட்டத் துரைமார். லயத்தின் ஓர் அறையில் குடும்பத்தோடு ஒடுங்கிய தொழிலாளிக்கு அந்நிலத்தில் ஒரு பேர்ச் அளவேனும் உரிமை இருந்ததில்லை.

ஒற்றுமைக் குறைவு என்னும் குற்றச்சாட்டே மிகுந்த வேதனை தருவது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பிரஜைகளல்லாதோர் ஆக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமோ பிரஜைகளல்லாதோரை இடாப்பினின்றும் நீக்கிற்று. தேர்தலில் தோற்ற மக்கள் மறுதேர்தலில் முயலலாம். வாக்கையே இழந்தவர்கள் எங்ஙனம் முயல்வது? மனுச்செய்து பிரஜாவுரிமை பெற வழிவகுத்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை அவர்களுடைய தலைவர்கள் ஆரம்பத்தில் பகிஷ்கரித்தமை காலத்தை வீணாக்கியது உண்மையே. ஆயினும் கெடு முடிவதற்குள் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. 1952 ஏப்ரலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தது. நீதி கேட்டுத் தொடுத்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953இல் தோற்றது. இத்தனையும் செய்தவர்களை அசிரத்தையுடையோர் என்பது பெரும் அநீதி. அம்மனுக்களின் வழியே பத்தாண்டுகளுக்குப் பின்னும் பிரஜாவுரிமை பெற்றவர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இன்னொன்றையும் இக்குற்றஞ்சாட்டுவோர் மறந்துவிடுகின்றனர். சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று வகுத்தபோது தோட்ட மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. அவர்கள் இடாப்பினின்றும் நீங்கிய பின் நடந்த 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெண்ணிக்கையால் உண்டான ஆசனங்கள் அப்படியே இருந்தன. தோட்டத்தவரின் தலைக்கணக்கினால் விளைந்த பிரதிநிதியைத் தெரிவு செய்யும் உரிமை, எஞ்சிய வாக்காளருக்கே உரித்தாயிற்று. பறிகொடுத்தவர் யார் என்பதை இக்கணக்கே காட்டும்.

விகிதாசார முறை யாவற்றையும் சீர்செய்துவிட்டதென்று இப்போது சிலர் சொல்கின்றனர். அம்முறையில் நடந்த 1989ஆம் ஆண்டுத் தேர்தலோடு, தனித்தொகுதியாயிருந்த நாவலப்பிட்டி, கண்டி மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாயிற்று. 2015இல் தமிழரான வேலு குமார் அம்மாவட்டத்தினின்றும் பாராளுமன்றம் சென்றது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1986இலும் 1988இலுமே நிறைவேறின. 1947இல் இராஜலிங்கத்துக்கு வாக்களித்தவர்களுட் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர்; வேறு பலரை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டது. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை எந்தத் தேர்தல் முறையும் சீர்செய்யவில்லை.