கலமும் அமானிதமே

உணவும் பானமும் வாங்கிச் செல்லும் கலத்தை ஒருமுறை பயன்படுத்தி எறிவது இக்காலத்தின் இயல்பாகிவிட்டது. இதற்கு மாற்றுவழி ஒன்றினை டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரம் காட்டியுள்ளது. அந்நகராட்சியும் டோம்ரா நிறுவனமும் இணைந்து 2024 சனவரியில் மூன்றாண்டுச் சோதனை முயற்சியொன்றைத் தொடங்கின. இம்முறையில், காப்பி வாங்குபவர் குவளைக்கென 5 குரோனர் முன்பணம் செலுத்துவார். பருகியபின், நகரின் பல இடங்களில் நிறுவப்பட்ட இயந்திரங்களுள் ஏதேனும் ஒன்றில் குவளையை இடுவார். இயந்திரம் அதனை அடையாளங்கண்டு, முன்பணத்தை அவரது வங்கி அட்டைக்கே திருப்பியளிக்கும். குவளை கழுவப்பெற்று மீண்டும் கடைக்குச் செல்லும். வாங்கிய கடையையே தேடிச் செல்ல வேண்டுவதில்லை என்பதே இத்திட்டத்தின் உயிர்நிலை.

அத்தகைய இயந்திரத்திற்கு நாம் எங்கே போவது என்பர் சிலர். இயந்திரம் வெறும் கருவியே. திருப்பித் தருவதை எளிதாக்குவதே கொள்கை. நோன்புக் கஞ்சி பெறப் பள்ளிவாசலுக்குப் பாத்திரம் கொண்டு செல்லும் மரபினர் நாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகள் 2019 சனவரி முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டவை. கல்லூரி விழாக்களில் அவை இன்னும் எதற்கு? எவர்சில்வர் குவளை, சிறு முன்பணம், வாயிலருகே திரும்பப் பெறும் மேசை, கழுவுவோர்க்கு உரிய ஊதியம் ஆகியன போதும். பெற்றதைப் பழுதின்றித் திருப்பியளிப்பதே அமானிதம். இறைவன் நம்மிடம் ஒப்படைத்துள்ள இம்மண்ணும் அத்தகையதே!