முசுறும் மஞ்சள் எறும்பும்

மாமரத்தில் முசுறுக் கூட்டைக் கண்டால் உடனே பந்தம் கொளுத்துகிறோம், இல்லையென்றால் மருந்தடிக்கிறோம். 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் எறும்புகள் பெருகி, ஆடு மாடுகளின் கண்ணையே கெடுப்பதாக அந்த மக்கள் முறையிட்ட செய்தி வந்ததிலிருந்து, எறும்பென்றாலே ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு கூடிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டும் ஒன்றல்ல.

முசுறு நம் மண்ணின் எறும்பு. சிடுசிடுக்கும் ஆளை முசுடு என்கிறோமே, இதற்கும் அந்தப் பெயர் உண்டு. தன் புழுக்களை வாயில் கவ்வி, அவை விடும் பட்டு நூலால் இலைகளைத் தைக்கும். தறியில் நாடா ஓடுகிற மாதிரிதான். ஒரு கூட்டத்துக்குச் சில மரங்கள்தான் எல்லை. அடுத்த கூட்டம் வந்தால் சண்டை. அந்த எல்லைக்குள் வரும் பூச்சி, புழுக்களை வேட்டையாடும். தென்சீனத்தில் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே இதன் கூடுகளைச் சந்தையில் வாங்கி ஆரஞ்சு மரங்களில் கட்டினார்கள். மாவுப்பூச்சியை வளர்க்கும் கெட்ட குணமும் இதற்கு உண்டு, மறைப்பானேன்.

மஞ்சள் எறும்பு ஆளே வேறு. முசுறில் பாதி அளவு, நீண்ட கால்கள், கிறுக்குப் பிடித்தாற்போல் ஓட்டம். கடிக்காது, கொட்டாது, அமிலத்தைப் பீய்ச்சும். ஒரு கூட்டில் பல ராணிகள். பக்கத்துக் கூட்டோடு சண்டை கிடையாது என்பதால் எல்லையே இல்லாமல் பரவும். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகளை இது கொன்றது.

அங்கே ஆண்டுக்கணக்கில் விஷ இரை போட்டும் எறும்பு திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் அதன் சாப்பாட்டில் கை வைத்தார்கள். மரத்தில் ஒட்டியிருக்கும் செதில் பூச்சி கசியவிடும் இனிப்புதான் அதற்கு ஆகாரம். அந்தப் பூச்சியை அழிக்கும் சிறு குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் விட்டார்கள். ஆராய்ந்து செய்த வேலை அது. நாம் செய்வதோ கண்ணில் பட்டதற்கெல்லாம் மருந்து. அதில் முசுறு சாகும், குளவி சாகும், தேனீயும் சாகும்.

கரந்தமலைக்காரர்களின் பாடு வேறு. அதை அரசும் பூச்சியியல் படித்தவர்களும் கவனிக்க வேண்டும். நம் தோப்பு முசுறு மேல் அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டாம். காய் பறிக்கிற நாளில் தொரட்டியைக் கொஞ்சம் நீளமாகக் கட்டிக்கொண்டால் போயிற்று.