சனிக்கிழமைகளின் கணக்கு

மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் ஆயுள் சான்று அளிக்க வேண்டும் என்பதும், தவறினால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும் என்பதும் இவ்விதழின் வாசகர்கள் பலரும் அறிந்ததே. நானும் அறிந்திருந்தேன். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்பு என் தந்தையாரின் கணக்கில் டிசம்பர் மாத ஓய்வூதியம் வரவு வைக்கப்படவில்லை. பிழை முழுவதும் என்னுடையது.

வைட்ஃபீல்டில் எங்களுடன் வசிக்கும் அவர் ரயில்வேயில் பணியாற்றியவர். அப்போது அவருக்கு வயது 78. கைபேசியில் முகத்தைக் காட்டியே ஆயுள் சான்றை அளிக்கும் வசதி அன்றே இருந்தது. அவர் அதை விரும்பவில்லை. கிளைக்கு நேரில் சென்று, அதிகாரியின் முன் கையொப்பமிட்டால்தான் அவருக்கு நிறைவு. அலுவலக நாள்களில் என்னால் இயலாது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிக்கு விடுமுறை. எஞ்சியவை இரண்டே சனிக்கிழமைகள். முதலாவதைப் பொங்கல் மலருக்கான கதைக்குக் கொடுத்தேன். மூன்றாவது சனியன்று பார்வையற்ற இளைஞர் ஒருவருக்குத் தேர்வு உதவியாளராகச் சென்றேன். தந்தையார் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை.

தன்னார்வப் பணிக்கு வைட்ஃபீல்டில் பஞ்சமில்லை. 2013இல் தொடங்கிய ‘வைட்ஃபீல்ட் ரைசிங்’ போன்ற குடிமக்கள் முயற்சிகள் குப்பையைத் தரம் பிரிப்பதிலிருந்து ஏரிகளைக் காப்பது வரை பலரையும் வீட்டுக்கு வெளியே அழைத்து வந்திருக்கின்றன. நான் தேர்ந்துகொண்டது வேறொரு சிறு பணி. வங்கிப் பணித் தேர்வுகள் இன்று கணினியில் நடைபெறுகின்றன. பார்வையற்ற தேர்வரின் அருகில் அமர்ந்து, வினாவை வாசித்து, அவர் கூறும் விடையை அப்படியே குறிக்க வேண்டும். ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். கேட்க எளிதாகத் தோன்றும். அட்டவணைகளும் வரைபடங்களும் நிறைந்த வினாவைச் சொற்களால் மட்டுமே புரியவைக்க முயன்று பார்த்தால் அந்த 20 நிமிடம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். விடை தவறென்று தெரிந்தாலும் முகத்திலோ குரலிலோ காட்டக் கூடாது. எனக்கு இன்றுவரை கடினமாக இருப்பது அதுதான்.

மிச்சமிருக்கும் நேரத்தில் செய்வதே தொண்டு என்று சிலர் கூறுவதுண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. உதவியாளர் வரவில்லையென்றால் அந்தத் தேர்வருக்கு ஓராண்டு வீணாகலாம். ஒப்புக்கொண்ட பிறகு அது அலுவலகப் பணியைவிடவும் கண்டிப்பானது. ஆகவே முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் தொண்டில் சேர்ந்ததுதான். மறுக்கக் கூசி ஒப்புக்கொண்ட நாள்களையெல்லாம் நான் வீட்டின் கணக்கிலிருந்தே எடுத்தேன்.

எழுத்தும் அப்படித்தான். சுஜாதா இதே பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டு எழுதிக் குவித்தார். வங்கி ஊழியராகப் பணியாற்றிய வண்ணதாசன் 2016ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். நேரமில்லை என்று சொல்வோரிடம் இத்தகைய பெயர்களை எடுத்துக்காட்டுவது நம் வழக்கம், நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் எழுதும் ஒருவருக்காக வீட்டார் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தனர் என்பதை எந்த நூற்பட்டியலும் சொல்வதில்லை.

மூன்றுக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்ற அறிவுரை இந்த இடத்தில்தான் பயனற்றுப் போகிறது. தேர்வுக்குத் தேதி உண்டு. மலருக்கும் தேதி உண்டு. தாமதித்தால் ஆசிரியர் தொலைபேசியில் அழைப்பார். வீட்டில் இருப்பவர் அழைப்பதில்லை. நாம் களைத்து வருவதைப் பார்த்து, இன்று வேண்டாம் என்று தாமாகவே முடிவுசெய்துகொள்கிறார். “நீ வேலையாக இருந்தாய், பார்த்தேன்” என்றுதான் அந்த டிசம்பரில் தந்தையார் சொன்னார். சான்றுக்கு நவம்பர் 30 என்ற தேதி இருந்தும் அவர் கேட்கவில்லை. தேதியே இல்லாதவற்றில் எத்தனை கேட்காமல் போயிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

சான்று அளித்ததும் பணம் நிலுவையோடு வந்து சேர்ந்தது. அதன்பின் எங்கள் வீட்டு நாள்காட்டியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடுகிறது. மற்றவை அதற்குப் பிறகே. தேர்வு உதவி மாதத்துக்கு ஒன்று மட்டும். எழுத்தை மெட்ரோவுக்கு மாற்றினேன். வைட்ஃபீல்ட் (காடுகோடி) ஊதா வழித்தடத்தின் தொடக்க நிலையம் என்பதால் காலையில் எனக்கு இருக்கை கிடைத்துவிடுகிறது. நகரமே தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களை நோக்கி வரும்போது நான் எதிர்த்திசையில் எம்.ஜி. ரோடு செல்பவன். அந்தப் பயணத்தில் ஒரு பக்கம் எழுதலாம். ஒரு கதை முடிய மாதங்கள் ஆகின்றன. சென்ற ஆண்டு மலர் ஒன்றுக்குத் தர இயலவில்லை. வருத்தம் இல்லாமல் இல்லை.

சென்ற நவம்பரின் முதல் சனிக்கிழமை தந்தையாருடன் கிளைக்குச் சென்றேன். வழியில் காபி அருந்தினோம். படிவத்தை வாங்கிய பிறகுதான் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது அவருக்கு நினைவு வந்தது. நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவர் சொன்னதை எழுதினேன். ஓய்வு பெற்ற தேதியில் மட்டும் எனக்கு ஐயம் எழுந்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதே சரி.