சந்தை பார்த்துக்கொள்ளுமா?

'மின்வண்டி பெருகினால் சார்ஜர் தானாக வரும், சட்டம் எதற்கு?' என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அப்படியும் விட்டுப் பார்த்தது. அதன் 2014 உத்தரவு சார்ஜர் இலக்கை அந்தந்த நாட்டிடமே விட்டது. நெதர்லாந்தில் சார்ஜர்கள் குவிந்தன. கிழக்கே பல நாடுகளில் தேடி அலைய வேண்டியிருந்தது. அதனால்தான் 2023இல் கட்டாய விதி வந்தது: முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், புதிய அதிவேக சார்ஜர்களில் வங்கி அட்டையிலேயே பணம் கட்டலாம்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தருவதில் இழுபறி இன்னும் மோசம். கப்பல் கேட்கட்டும் என்று துறைமுகமும், இணைப்பு வரட்டும் என்று கப்பலும் காத்திருக்க, கரையோரம் டீசல் புகைதான் மிச்சம். பெரிய துறைமுகங்களில் கன்டெய்னர், பயணிகள் கப்பல்களின் கரை மின் இணைப்புக்கு ஒன்றியம் வைத்த 2030 கெடு இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது.

லாபம் உள்ள இடத்துக்குச் சந்தை வரும். மற்ற ஊர்களுக்குச் சட்டம்தான் வர வேண்டும்.