படப்பிடிப்பில் பாய்ந்த நிஜத் தோட்டா: தவறு யார் கையில்?

மாணவர்களே, 2023ஆம் ஆண்டு நம் திரையரங்குகளில் ஓடிய ‘மல்பாட்: மிசி பகாரா’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷு நகரில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கச் சென்ற மலேசியப் படையினரின் கதை அது. அத்தகைய போர்ப்படங்களில் திரை நிறையத் துப்பாக்கிகள்தாம். அவற்றில் எது அசல், எது பொம்மை, யார் அவற்றைச் சோதிக்கிறார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு மரணம் உலகுக்கு உணர்த்தியது.

முதலில் ஆயுதங்களைத் தெரிந்துகொள்வோம். பின்னணியில் கூட்டமாக ஓடும் துணை நடிகர்களின் கையில் பெரும்பாலும் ரப்பர் துப்பாக்கிதான் இருக்கும். விழுந்தாலும் யாருக்கும் காயமில்லை. கேமராவுக்கு அருகில் நிற்பவரிடம்தான் அசல் துப்பாக்கியோ, வெற்றுத் தோட்டா மட்டும் சுடும்படி மாற்றப்பட்ட ஒன்றோ கொடுக்கப்படும். வெற்றுத் தோட்டாவில் வெடிமருந்து உண்டு. முனையில் குண்டு கிடையாது. சத்தமும் தீப்பிழம்பும் கிடைக்கும். ஆனால், குண்டு இல்லாததால் குழலுக்குள் போதிய வாயு அழுத்தம் சேராது. தானியங்கித் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளாது. அதற்காகக் குழலில் ஓர் அடைப்பை வைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். (இயற்பியல் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும்.)

மூன்றாவது, போலித் தோட்டா. வெளியே அசல் போலவே இருக்கும். உள்ளே மருந்து இருக்காது. ரிவால்வரை நேர் எதிரே வைத்துப் படம்பிடித்தால் தோட்டா அறைகள் காலியாகத் தெரியுமல்லவா? அதை மறைக்கத்தான் இது. அசலிலிருந்து பிரித்தறிய உள்ளே ஒரு சிறு உருண்டையைப் போட்டு வைப்பார்கள். குலுக்கினால் சத்தம் வரும். அல்லது பக்கவாட்டில் ஓட்டை போட்டிருப்பார்கள்.

‘வெற்று’ என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. 1984இல் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் விளையாட்டாகத் துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டுக்கொண்டார். வெற்றுத் தோட்டாதான். ஆனாலும் வெடித்த வேகம் மண்டையோட்டை உடைத்தது. சில நாள்களில் இறந்தார். 1993 மார்ச்சில் ‘தி குரோ’ படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிரண்டன் லீ 28 வயதில் உயிரிழந்தார். அங்கே முறையாகச் செய்யப்படாத போலித் தோட்டா ஒன்றின் அடியில் பொறிமருந்து மிச்சமிருந்தது. அது வெடித்ததில் குண்டு நகர்ந்து குழலில் சிக்கிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. பின்னர் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா சுடப்பட்டபோது, சிக்கியிருந்த குண்டு வெளியே பாய்ந்தது. எவரும் நிஜத் தோட்டாவைப் போட்டுச் சுடவில்லை. ஆனாலும் உயிர் போனது.

இத்தனை பாடத்துக்குப் பிறகும் 2021 அக்டோபர் 21ஆம் தேதி நியூ மெக்சிகோ மாநிலத்தில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் அது நடந்தது. அது கௌபாய் படம்தான், போர்ப்படம் அல்ல. ஆனால் துப்பாக்கியைக் கையாளும் விதிகள் இரண்டுக்கும் ஒன்றே. ஒத்திகையின்போது நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வர் வெடித்து, ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் மாண்டார். உக்ரேனில் பிறந்தவர், வயது 42. அவரைத் துளைத்த அதே குண்டு இயக்குநர் ஜோயல் சோசாவின் தோளையும் காயப்படுத்தியது. துப்பாக்கி கைமாறியபோது ‘கோல்ட் கன்’, அதாவது ஆபத்தில்லாதது என்று உதவி இயக்குநர் அறிவித்திருந்தார்.

தீர்ப்புகளைப் பாருங்கள். ஆயுதப் பொறுப்பாளர் ஹன்னா குட்டியரஸ்-ரீட், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக 2024இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். உதவி இயக்குநருக்கு ஆறு மாத நன்னடத்தைக் காலம் விதிக்கப்பட்டது. பால்ட்வின் மீதான வழக்கை 2024 ஜூலையில் நீதிபதி தள்ளுபடி செய்தார். தோட்டா தொடர்பான சான்றுகளை அரசுத் தரப்பு மறைத்ததே காரணம். அதாவது, நடுவர் குழு அவரை நிரபராதி என்று சொல்லவில்லை. வழக்கு அந்தக் கட்டத்துக்குப் போகவே இல்லை. செய்தி வாசிக்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

ஆனால், தனிமனிதர்கள் மீதான வழக்குகளை விட மாநில வேலையிடப் பாதுகாப்புத் துறையின் விசாரணையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே தளத்தில் சில நாள்களுக்கு முன்பே துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்திருந்தன. நிர்வாகம் அதை அறிந்தும் எதையும் மாற்றவில்லை. ஆயுதப் பொறுப்பாளருக்குப் படப்பொருள் உதவியாளர் வேலையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது. சம்பவத்தன்று காலைதான் கேமராக் குழுவினர் சிலர் பாதுகாப்பு உள்ளிட்ட குறைகளைச் சொல்லி வெளியேறியிருந்தனர். தயாரிப்பு நிறுவனத்துக்கு 1,36,793 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் அது 1 லட்சம் டாலராகக் குறைந்தது. செலவைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது சோதனைதான். நிஜத் தோட்டா அங்கே எப்படி வந்தது என்பதில் கூட, அரசுத் தரப்பு ஆயுதப் பொறுப்பாளரையும் அவர் தரப்பு தோட்டா வழங்கியவரையும் கைகாட்டின.

உண்மையான துப்பாக்கி இல்லாமல் படம் எடுக்க முடியாதா? முடியும். ‘மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்’ தொடரில் வரும் துப்பாக்கிச் சூடெல்லாம் கணினியில் சேர்க்கப்பட்டவை என்று அதன் இயக்குநரே சொன்னார். ‘தி ரூக்கி’ தொடர் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கு மாறியது. தம் நிறுவனப் படங்களில் இனி ரப்பர் துப்பாக்கிதான் என்றார் டுவெய்ன் ஜான்சன். வெற்றுத் தோட்டா வேண்டும் என்போரின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது: துப்பாக்கியின் உதைப்பும் சத்தமும் இருந்தால்தான் நடிகரின் முகத்தில் இயல்பான அதிர்ச்சி வரும் என்கிறார்கள். சிறு தயாரிப்பாளருக்குக் கணினி வேலையும் செலவுதான். எனினும், நின்றுபோன ‘ரஸ்ட்’ படத்தின் மீதிக் காட்சிகள் 2023இல் மொண்டானாவில் எடுக்கப்பட்டபோது, இயங்கும் ஆயுதமும் எந்த வகைத் தோட்டாவும் தளத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. படமும் முடிந்தது, 2025 மே மாதம் வெளியானது.

கல்லூரிக் குறும்படப் போட்டிக்குத் துப்பாக்கிக் காட்சி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. சாலையோரத்தில் படமெடுத்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் கைப்பேசிக் கேமரா தெரியாது, துப்பாக்கி மட்டும்தான் தெரியும். விரிவுரையாளரிடம் சொல்லி, அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் படப்பிடிப்பைத் தொடங்குங்கள்.