பெயரில்லாத மேடுகள்



கூரையிழந்து நிற்கும் நம் பழைய கிராம ஆலயத்தையும் அதைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தையும் சனிக்கிழமைதோறும் சீர்செய்ய வாலிபர்கள் முன்வந்திருப்பதைச் சென்ற ஞாயிறு அறிவித்தோம். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவே வழியில்லாத சபையில், மரித்தவர்களுக்கு எதற்குச் செலவு?" என்று கேட்டார்.

அது அற்பமான கேள்வியல்ல. அதைவிடக் கடினமாகவே ஆண்டவர் பேசியிருக்கிறார். முன்னோரின் சமாதிகளுக்கு அழகு சேர்த்துக்கொண்டே அவர்கள் சொன்னதற்குச் செவிகொடாதவர்களை அவர் கடிந்துகொள்வதை மத்தேயு 23-இல் வாசிக்கிறோம். ஆனால் நெகேமியாவையும் நாம் மறக்க இயலாது. முன்னோரை அடக்கம்பண்ணிய நகரம் பாழாய்க் கிடக்கிறதே என்ற துக்கத்தோடுதான் அவர் ராஜாவின் முன் நின்றார். திரும்பி வந்து அவர் கட்டியதோ கல்லறையை அல்ல, உயிருள்ளவர்களுக்கான அலங்கத்தை.

இந்தப் பணியைச் செய்யத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். எந்தக் கல்லறையிலிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

தமிழறிஞர் ஜி.யு. போப் ஐயர் 1908-இல் மரித்தார். ஆக்ஸ்போர்டிலுள்ள செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டிய கல் அது என்று அவருடைய கல்லறையிலேயே பொறித்திருக்கிறது. இன்று அத்தோட்டத்தைப் பேணுகிறவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் களை எடுப்பதோடு நிற்கவில்லை. அறிஞர், கடைக்காரர் என்று பாராமல், அங்கே உறங்குகிறவர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் தேடி எழுதி வைக்கிறார்கள். இதுவே எனக்கு மிகவும் பிடித்தது.

நம் சமவெளிக்கு வருவோம். அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கியது. காய்ச்சலிலும் காலராவிலும் ஊழியர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் மரித்ததால், 1845-இல் கொடைக்கானலில் பங்களாக்கள் கட்டி கோடையில் மலையேறினார்கள். அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் உபதேசியார் குடும்பங்களுக்கு மலையில் பங்களா இல்லை. அவர்கள் இந்தச் செம்மண்ணிலேயே இருந்தார்கள். தாது வருஷப் பஞ்சமும் (1876–78) அவர்கள் தலையிலேயே விழுந்தது. அவர்களுடைய புதைமேடுகளில் கல் இல்லை, எழுத்தில்லை, சீமைக்கருவேல்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். சாதியைக் கைவிடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று அதே மிஷன் 1847-இல் உறுதியாக நின்றபோது, உபதேசியார்கள் பலரே விலகினார்கள். அந்த வியாதி இன்னும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. சாதிக்கொரு மூலை ஒதுக்கிய கல்லறைத் தோட்டங்கள் நம் நாட்டில் உண்டு. சலவைக்கல் சமாதிகளைத் துலக்கிவிட்டு அந்த மூலையை முள்ளுக்கே விட்டுவிட்டால், ஆண்டவரின் கடிந்துகொள்ளுதல் நேராக நம்மேல்தான் வரும்.

வேலைமுறையைப் பற்றிச் சில வார்த்தைகள். இங்கிலாந்தில், நார்ஃபோக்கைச் சேர்ந்த ஹௌட்டன் என்னுமிடத்தில், கொடி மூடிக் கூரையின்றிக் கிடந்த புனித மரியாள் ஆலயத்தை 1992 முதல் பாப் டேவி என்ற முதியவர் முன்னின்று மீட்டார். அங்கே பூச்சு உதிர்ந்த இடத்தில் ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமையான சுவரோவியங்கள் வெளிப்பட்டன. யாராவது அவசரப்பட்டுப் புதுப்பூச்சு பூசியிருந்தால் அவை போயிருக்கும். ஆகவே சிமென்ட் மூட்டையோடு யாரும் வரவேண்டாம். பழைய செங்கல் சுண்ணாம்புச் சாந்தோடுதான் ஒத்துப்போகும். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, செங்கல்லை உதிர வைத்துவிடும். (கொத்தனார்களிடம் இதைச் சொல்லி நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.) சுவரில் முளைத்த அரசங்கன்றை இழுக்காதீர்கள், சுவரும் கூடவே வரும், அறுத்தே எடுக்கவேண்டும். சலவைக்கல்லில் ஆசிட் ஊற்றினால் எழுத்தே அரிக்கப்படும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். எந்தக் கல்லையும் நகர்த்துமுன் படமெடுத்து, எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத மேடுகளைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்; அந்த நினைவுகளோடு இருக்கிறவர்களுக்கும் வயதாகிவிட்டது.

பள்ளிக் கட்டண உதவிக்கான காணிக்கையிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்கப்படாது. அந்த மூப்பருக்கு நான் கொடுத்த வாக்கு அது.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, கல்லே இல்லாத தெற்கு மூலையில் தொடங்குகிறோம். அரிவாளும் கையுறையும் கொண்டுவாருங்கள். பாம்பு இருக்கும், வெறுங்காலோடு வராதீர்கள். மூப்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பாட்டனாரை அந்தப் பக்கத்தில்தான் அடக்கம் செய்தார்களாம். எந்த மேடு என்று அவருக்கே தெரியவில்லை.