காருக்குப் பாலிஷ்: போடும் முன் யோசியுங்கள்!

பழவேற்காட்டில் காற்று வெறுங்கையோடு வருவதில்லை. கரையின் மணலையும் கடலின் உப்பையும் கொண்டு வந்து ஊரெங்கும் தூவிவிட்டுப் போகிறது. கூரையின் மேல் விழுகிறது. கொடியில் காயும் துணியின் மேல் விழுகிறது. வாசலில் நிற்கும் காரின் மேலும் விழுகிறது.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோ மீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில், ஒடிசாவில் உள்ள சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. 1613-ம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம் என்று சுற்றிலும் மீனவர் ஊர்கள்.

ஒரு காலத்தில் இந்த ஊர்களில் வாகனம் என்றால் அது படகுதான். இன்று படகோடு மீன் வண்டியும் இருக்கிறது. வாடகைக் காரும் இருக்கிறது. பூநாரை பார்க்க வருகிறவர்களும் காரில்தான் வருகிறார்கள்.

கடன் வாங்கி ஒரு வண்டி வாங்கிய குடும்பத்துக்கு, அந்த வண்டிதான் சோறு போடுகிறது. தவணை முடிவதற்குள் அதன் மேனி மங்கினால் மனம் பொறுக்குமா? உடனே கடைக்கு ஓடுகிறார்கள். "கீறல் போக நல்ல பாலிஷ் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதை வாங்கி வந்து தேய்க்கிறார்கள்.

தவறு இங்கேதான் தொடங்குகிறது.

கீறல் எப்படி வந்தது?

கருப்பு நிறக் காரை வெய்யிலில் நிறுத்திப் பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியது போல் மெல்லிய வளையங்கள் தெரியும். கார்க் கடைகளில் இதை 'ஸ்விர்ல் மார்க்' என்பார்கள். சுழல் கீறல் என்று சொல்லலாம்.

உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. நாலா பக்கமும் தாறுமாறாக ஓடும் பொடிக் கோடுகள் அவை. ஒளிக்குக் குறுக்கே கிடக்கும் கோடுகள் மட்டும் மின்னுகின்றன. அதனால் வளையம் போல் தெரிகிறது. பல நாள் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை விளக்கின் அடியில் பிடித்தால் இதே வளையங்களைக் காணலாம்.

இந்தக் கீறலைப் போட்டது யார்? எதிரி அல்ல. காரைப் பிரியமாகத் துடைத்த கைதான்!

காலையில் எழுந்ததும் ஒரு துணியை எடுத்து, காய்ந்த தூசியை அப்படியே துடைப்பது பலருக்கு வழக்கம். அந்தத் தூசியில் மணல் இருக்கிறது. மணலில் பெரும் பகுதி குவார்ட்ஸ் என்னும் கல். ஒரு பொருளின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடிக்கே சுமார் ஐந்தரைதான். கண்ணாடியையே கீறும் மணல் பெயிண்டை விட்டு வைக்குமா? துணிக்கு அடியில் மாட்டிய ஒவ்வொரு மணலும் ஓர் உளி!

பாலிஷ் பூசுவது அல்ல

பாலிஷ் போட்டால் காரின் மேல் ஏதோ ஒன்று புதிதாகப் பூசப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கீறலைப் போக்கும் பாலிஷ் எதையும் சேர்ப்பதில்லை. இருப்பதை எடுக்கிறது.

பள்ளம் விழுந்த தரையைச் சமமாக்க இரண்டு வழி உண்டு. பள்ளத்தை நிரப்பலாம். அல்லது சுற்றி இருக்கும் மேட்டைச் சீவலாம். பாலிஷ் இரண்டாவது வேலையைச் செய்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத பொடி இருக்கிறது. அந்தப் பொடி, கீறலின் ஆழம் வரை பெயிண்டின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிடுகிறது. கீறல் மறைகிறது. பெயிண்டும் மெலிகிறது.

எவ்வளவு பெயிண்டு இருக்கிறது? இன்றைய கார்களில் தகரத்தின் மேல் முதற் பூச்சு. அதன் மேல் நிறப் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற பூச்சு. சுழல் கீறல் விழுவது இந்த மேல் பூச்சில்தான். அதன் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லி மீட்டரை 1,000 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். பத்திரிகைத் தாளின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். அந்தத் தாளைவிட மெல்லிய பூச்சுதான் வெய்யிலிலிருந்து காரின் நிறத்தைக் காக்கிறது!

கவரிங் நகையைத் தினமும் தேய்த்தால் என்ன ஆகும்? முலாம் போய்ச் செம்பு பல்லிளிக்கும். மேல் பூச்சுக்கும் அதே கதிதான். அது மெலிந்துவிட்டால் வெய்யில் அதை வெல்கிறது. வெள்ளை வெள்ளையாக உரிகிறது. பிறகு எந்தப் பாலிஷாலும் பயனில்லை. புதிதாகப் பெயிண்டு அடிக்க வேண்டியதுதான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேல் பூச்சு என்பது 1980-க்குப் பிறகுதான் உலகில் பரவலாயிற்று. பழைய அம்பாசிடர் கார்களில் நிறப் பூச்சுதான் மேலே இருந்தது. அப்படிப்பட்ட காரைத் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் தேய்ப்பது நிறத்தையே என்பதை மறக்கவும் வேண்டாம்.

படகு வேறு, கார் வேறு

மீனவர் ஊர்களில் ஒரு தனி ஜாக்கிரதை தேவை.

2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் பைபர் படகுகள் பெருகின. பைபர் படகின் வெளிப் பூச்சுக்கு 'ஜெல் கோட்' என்று பெயர். அதன் கனம் சுமார் அரை மில்லி மீட்டர். அதாவது 500 மைக்ரான். காரின் மேல் பூச்சைப்போல் பத்து மடங்கு!

அந்தப் பூச்சு வெய்யிலில் வெளுத்தால், கரடான காம்பவுண்டு போட்டுத் தேய்க்கிறார்கள். படகு தாங்குகிறது. மீதி இருக்கும் அதே காம்பவுண்டைக் காருக்குப் போட்டால் கார் தாங்காது. வாட்டர் பேப்பருக்கும் இது பொருந்தும். படகுக்கு வாங்கியது படகோடு இருக்கட்டும்.

எதை வாங்குவது?

கடையில் பளபளக்கும் புட்டிகள் எத்தனையோ இருக்கும். பெயரையும் படத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். புட்டிக்குள் இருப்பது எந்த வகை என்று கேட்டால் போதும்.

முதல் வகை, காம்பவுண்டு. இது கரடானது. 'ஹெவி கட்' என்று எழுதியிருக்கும். ஆழமான கீறலுக்கு உரியது.

இரண்டாவது வகை, பாலிஷ். இது நடுத்தரம். 'மீடியம் கட்' என்று இருக்கும்.

மூன்றாவது வகை, 'பினிஷிங் பாலிஷ்'. மிகவும் மிருதுவானது. லேசான சுழல் கீறலுக்குப் பல சமயம் இதுவே போதும்.

நான்காவது வகை, மெழுகு. இது கீறலை எடுக்காது. மேலே ஒரு திரை போல் நின்று காக்கும். கார்னோபா என்னும் புகழ்பெற்ற மெழுகு, பிரேசில் நாட்டில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது.

ஐந்தாவது வகையிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். "ஒரே துடைப்பில் கீறல் மாயம்" என்று விளம்பரம் செய்யும் சில சரக்குகள், கீறலை எண்ணெயாலும் மெழுகாலும் நிரப்பி மறைக்கின்றன. நாலு முறை கழுவினால் கீறல் மீண்டும் எட்டிப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து, பாலிஷ் போட்ட இடத்தை மெதுவாகத் துடைக்க வேண்டும். நிரப்பிய சரக்கு போய்விடும். உண்மை தெரியும். இது தீப்பற்றும் பொருள். அடுப்புக்கும் பீடிக்கும் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் மிருதுவானது

வைத்தியர் எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்குவதில்லை. முதலில் கஷாயம் கொடுத்துப் பார்க்கிறார். காருக்கும் அதுவே முறை.

காரை நன்றாகக் கழுவி, நிழலில் நிறுத்தி, இரண்டடிச் சதுரம் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே மிருதுவான பாலிஷைப் போட்டுப் பார்க்க வேண்டும். கீறல் போய்விட்டதா? அத்தோடு நிறுத்திவிடலாம். போகவில்லையா? அதன் பிறகே நடுத்தரம். அதுவும் பலிக்காவிட்டால்தான் கரடானது.

நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. நகம் மாட்டினால் கீறல் ஆழம். அதைப் பாலிஷ் போட்டு எடுக்க நினைத்தால், மேல் பூச்சே போய்விடக்கூடும். அங்கே தகரம் தெரிந்தால் தாமதிக்காமல் பெயிண்டு தொட்டு வைக்க வேண்டும். உப்புக் காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும்.

கையால் தேய்த்தால் லேசான கீறல் குறையும். எந்திரத்தில் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும். எந்திரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரே அச்சில் சுழல்வது. பழக்கமில்லாதவர் கையில் அது சூடேறிப் பெயிண்டைத் தின்றுவிடும். புதிய கீறலையும் போட்டுவிடும். இன்னொன்று, சுழன்றுகொண்டே அசைவது. புதியவர்களுக்கு இதுவே மேல். எதுவானாலும் கதவின் ஓரம், மூடியின் மடிப்பு ஆகிய இடங்களில் பெயிண்டு மெல்லியது. அங்கே அழுத்தக் கூடாது.

வீட்டு வைத்தியம் வேண்டாம்

பற்பசை போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். பற்பசையிலும் தேய்க்கும் பொடி உண்டு. ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு நாள் மினுமினுக்கும். மறுநாள் அந்த எண்ணெயில் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் மெழுகு கரைந்துபோகும். இந்தச் செலவெல்லாம் கீறலை வரவழைக்கும் செலவு.

கழுவும் முறையே மருந்து

வருகிற கீறலைத் தடுக்காமல் வந்த கீறலை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போன்றது.

காய்ந்த துணியால் துடைக்கும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். மணலைத் தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும். ஏரித் தண்ணீரும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் உதவாது. உப்புக் கறை படியும். கடலோர ஊர்களில் நல்ல தண்ணீர் அருமை என்பது உண்மை. அதனால் கைத்தெளிப்பானை உபயோகிக்கலாம். கொஞ்சம் தண்ணீரிலேயே மணல் இறங்கிவிடும். ஆனால் பூச்சி மருந்து அடித்த தெளிப்பான் கூடாது.

பிறகு இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் கழுவும் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைக் கழுவியதும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் நனைக்க வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. கடைசியில் மென்மையான மைக்ரோபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பறவை எச்சம் விழுந்தால், சுரண்டாமல் ஈரத் துணி போட்டு ஊற வைத்து எடுக்க வேண்டும்.

கழுவும் இடம் ஏரிக் கரையாக இருக்கக் கூடாது. சோப்பும் எண்ணெயும் கலந்த தண்ணீர் இறாலும் நண்டும் வாழும் இடத்துக்குப் போவது, சோற்றுப் பானையில் அழுக்கைக் கொட்டுவது போல.

அளந்து எடுப்பதே அழகு

மாதா மாதம் பாலிஷ் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரியாகக் கழுவினால் ஆண்டுக் கணக்கில் பாலிஷ் தேவைப்படாது. நூற்றுக்கு நூறு கீறலையும் எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். நூற்றில் எண்பது போனால் கண்ணுக்குக் கார் புதிதாகிவிடும். மீதி இருபதை எடுக்கத்தான் பூச்சு அதிகம் கரையும். அந்த இருபது இருந்துவிட்டுப் போகட்டும்! லேசான சுழல் கீறலால் வண்டி ஓடாமல் நின்றுவிடாது. சுமக்கும் சுமையும் குறையாது.

இருப்பதை ஒரே நாளில் வாரிவிடாமல், அளந்து எடுப்பது பழவேற்காட்டுக்குப் புதிய பாடம் அல்ல. ஏரியில் இந்த இடத்தில் இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்து மீன் பிடிக்கும் 'பாடு' முறை இங்கே வழிவழியாக இருக்கிறது. ஏரி நாளைக்கும் வேண்டும் என்ற அறிவில் பிறந்த முறை அது.

அதே அறிவு கார் விஷயத்திலும் வேண்டும். பத்திரிகைத் தாளைவிட மெல்லிய பூச்சுதான் வண்டியின் முதலீடு. அதைச் செலவழிக்கும் முன் ஒரு வாளி நல்ல தண்ணீரைச் செலவழியுங்கள். பாலிஷ் புட்டியைத் திறக்கும் முன், காலையில் கையில் எடுக்கும் காய்ந்த துணியைக் கீழே போடுங்கள்.